பழைய காமிராவின் கண்ணுக்கு விலை என்ன? ஏமாறாமல் லென்ஸ் வாங்கும் வழி!

ஆரணி, பட்டுக்குப் பெயர் போன ஊர். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாக நதியை ஒட்டி இருக்கிறது.

அந்த ஊரில் விவரம் தெரிந்தவர்கள், நைந்துபோன பட்டுப் புடவையைக்கூடச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். காரணம், ஜரிகை!

அசல் ஜரிகை என்பது, பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. பட்டு நைந்து போகலாம். வெள்ளி நைந்து போகாது. இது தெரியாதவர்கள், தெருவில் வரும் வியாபாரியிடம் புடவையைக் கொடுத்துவிட்டு, ஓர் எவர்சில்வர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷப்படுவார்கள்.

பழைய போட்டோ காமிராவின் கதையும் இதேதான்.

பல வீடுகளில், அலமாரியின் மேல் தட்டில் ஒரு காமிரா தூங்கிக்கொண்டிருக்கும். தாத்தாவோ, சித்தப்பாவோ வாங்கியது. "பிலிம் காலம் மலையேறிவிட்டது. இது எதற்கு?" என்று அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் காமிராவின் ஜரிகை, அதன் முன்னால் இருக்கும் லென்ஸ்! காமிரா கெட்டுப் போயிருக்கலாம். நல்ல லென்ஸ், 50 ஆண்டு கழித்தும் படம் பிடிக்கும்.

ஏமாறுகிறவர்கள் இன்னொரு பக்கமும் உண்டு. மறுபடியும் பிலிமில் படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள், பூஞ்சணம் பிடித்த லென்ஸை நல்ல விலை கொடுத்து வாங்கிவிடுகிறார்கள்.

விற்கிறவரும் ஏமாறக் கூடாது. வாங்குகிறவரும் ஏமாறக் கூடாது. அதற்கு எதைப் பார்க்க வேண்டும்?

கண் ஒன்று, வேலை இரண்டு

லென்ஸைக் கழற்றி மாட்டும் பிலிம் காமிராக்களில் புகழ் பெற்றது, "எஸ்.எல்.ஆர்." என்னும் வகை.

சாதாரணக் காமிராவில், நாம் பார்க்கும் ஜன்னல் வேறு. படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. எஸ்.எல்.ஆர். காமிராவில் இரண்டுக்கும் ஒரே லென்ஸ்தான்.

லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம், உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியில் படுகிறது. அது வெளிச்சத்தை மேலே திருப்பிவிடுகிறது. மேலே பட்டை தீட்டிய கண்ணாடிக் கட்டி ஒன்று உண்டு. அது காட்சியை நேராக்கி, கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தினால், சாய்ந்த கண்ணாடி சட்டென்று மேலே எழும்பும். திரை விலகும். வெளிச்சம் பிலிமில் விழும். படம் பதிந்துவிடும்!

ஆகவே எந்த லென்ஸை மாட்டினாலும், அது காட்டுவதை எடுக்கும் முன்பே கண்ணால் பார்க்கலாம்.

35 மில்லி மீட்டர் பிலிமில் இப்படிப்பட்ட காமிராவை, 1936-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் விற்பனைக்கு அனுப்பியது. "எக்ஸாக்டா" என்பது அதன் பெயர். ஜப்பானின் "நிக்கான் எப்" 1959-ல் வந்தது. "பெண்டாக்ஸ் கே 1000" என்ற எளிய காமிரா, 1976 முதல் 1997 வரை உற்பத்தியானது. போட்டோக் கலை பயின்ற மாணவர்கள் பலருக்கு அதுதான் முதல் காமிரா.

இந்தியாவிலும் ஜப்பானின் யாஷிகா, நிக்கான், பெண்டாக்ஸ் காமிராக்களும், சோவியத் நாட்டு ஜெனித் காமிராவும் ஸ்டூடியோக்களிலும் கல்யாண வீடுகளிலும் புழங்கின. பிலிம் செய்ய ஊட்டியிலேயே ஓர் ஆலை இருந்தது. "இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்" என்ற அந்த அரசு நிறுவனம், 1960-ல் தொடங்கப்பட்டது. 1967-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. அந்த ஆலை பின்னர் மூடப்பட்டுவிட்டது.

ஆலை போயிற்று. ஆனால், அந்தக் காலத்து லென்ஸுகள் வீடுகளிலும் ஸ்டூடியோ பீரோக்களிலும் இன்னும் கிடக்கின்றன.

கண்ணாடிக்கு வயது இல்லை

"50 ஆண்டுப் பழசு, எப்படி நன்றாக இருக்கும்?" என்று கேட்கலாம்.

லென்ஸ் என்பது பல கண்ணாடி வில்லைகளை ஓர் உலோகக் குழாயில் அடுக்கியது. வில்லைகளை அடுக்கும் முறைதான் அதன் ரகசியம். 1896-ல் ஜெர்மனியின் ஜீஸ் நிறுவனத்தில் பால் ருடால்ப் என்ற நிபுணர், "பிளானர்" என்ற லென்ஸை அமைத்தார். நடுவில் துவாரம். அதன் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல் அடுக்கிய வில்லைகள். ஒரு பக்கத்தின் குறையை மறு பக்கம் சரிக்கட்டிவிடும்! பிற்காலத்து 50 மில்லி மீட்டர் லென்ஸுகளில் பெரும்பாலானவை இந்த அடுக்குமுறையின் வாரிசுகளே.

அதில் ஒரு தொல்லை இருந்தது. வில்லைகள் கூடக்கூட, ஒவ்வொன்றும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். படம் வெளுத்துப் போகும். 1935-ல் அதே ஜீஸ் நிறுவனத்தின் ஸ்மக்குலா என்ற விஞ்ஞானி, கண்ணாடியின்மேல் மிக மெல்லிய பூச்சு பூசி, இந்தக் குறையைக் குறைத்தார். 1971-ல் பெண்டாக்ஸ் நிறுவனம் பல அடுக்குப் பூச்சுள்ள லென்ஸுகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

ஆக, 1970-களிலும் 1980-களிலும் வந்த லென்ஸில், நல்ல அடுக்குமுறையும் உண்டு, நல்ல பூச்சும் உண்டு. பல லென்ஸுகளில் உடலும் உலோகம். பத்திரமாக வைத்திருந்தால் கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை.

கூட்டம் இல்லாத கடையே லாபம்

பழைய லென்ஸின் விலை, அதன் தரத்தை மட்டும் பொறுத்தது அல்ல. எத்தனை பேர் தேடுகிறார்கள், எத்தனை லென்ஸ் கிடைக்கிறது என்பதையும் பொறுத்தது. எல்லாரும் தேடுவதை விட்டுவிட்டு, நிறையக் கிடைப்பதைப் பார்ப்பவருக்கே லாபம்!

நிறையக் கிடைப்பது எது? 50 மில்லி மீட்டர் லென்ஸ்.

அந்தக் காலத்தில் எஸ்.எல்.ஆர். காமிரா வாங்கினால், பெரும்பாலும் அதோடு வந்தது இதுதான். அதனால் ஏராளமாக உற்பத்தி செய்தார்கள். அமைப்பதும் சுலபம். 28 மில்லி மீட்டர் போன்ற அகன்ற பார்வை லென்ஸுகளுக்கு, உள்ளே எழும்பும் கண்ணாடி இடம் கொடுக்காது. எனவே சுற்றி வளைத்து, அதிக வில்லைகள் வைத்துச் செய்ய வேண்டும். 50-க்கு அந்தத் தொல்லை இல்லை. குறைந்த செலவில் கூர்மையான படம்!

லென்ஸின் முன்புறம் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். உதாரணமாக 50, 1.8.

முதல் எண், லென்ஸ் எவ்வளவு தூரத்தை எவ்வளவு கிட்டக் காட்டும் என்பதைச் சொல்கிறது. எண் கூடினால், தூரத்துப் பொருள் கிட்டத் தெரியும்.

இரண்டாவது எண், துவாரம் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கிறது. இது குறைந்தால், வெளிச்சம் அதிகம் வரும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28. அதாவது, துவாரம் சுமார் 28 மில்லி மீட்டர் அகலம் திறக்கும்.

50, 1.4 என்ற லென்ஸும் உண்டு. அது சுமார் 36 மில்லி மீட்டர் திறக்கும். வெளிச்சம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வரும். ஆனால், அதற்குப் போட்டி அதிகம். விலையும் அதிகம். பகலிலும், விளக்கு நன்றாக எரியும் மண்டபத்திலும் எடுப்பவருக்கு 1.8-ம், 2-ம் தாராளம். ஒன்றிரண்டு படி துவாரத்தைக் குறைத்து எடுத்தால், இரண்டு படங்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அடுத்த நல்ல பேரம், 135 மில்லி மீட்டர் லென்ஸ். மணமேடையில் இருந்து பத்தடி தள்ளி நின்று, மணப்பெண்ணின் முகத்தை மட்டும் எடுக்கலாம். தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் "ஜூம்" லென்ஸுகள் பெருகிய பிறகு, இதைத் தேடுவோர் குறைந்தனர். அதனால் விலையும் இறங்கியது.

ஜூம் லென்ஸ் கவர்ச்சியானது. ஆனால், அந்தக் காலத்து மலிவு ஜூமில் வில்லைகள் அதிகம், அசையும் பாகங்களும் அதிகம். பூஞ்சணம் பிடிக்கவும் இடம் அதிகம். பிரித்துச் சுத்தம் செய்வதும் கஷ்டம். முதல் முறை வாங்குபவர் அதைத் தள்ளி வைப்பதே நல்லது.

பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நிக்கான் நிறுவனத்தின் லென்ஸுகளில் "நிக்கார்" என்று பொறித்திருக்கும். 1979-ல் அந்த நிறுவனம், குறைந்த விலையில் "ஈ வரிசை" லென்ஸுகளைக் கொண்டு வந்தது. அவற்றில் நிக்கார் என்ற பெயர் இல்லை. பிளாஸ்டிக் அதிகம். "இதெல்லாம் ஒரு லென்ஸா?" என்று பலர் ஒதுக்கினார்கள். ஆனால், அவற்றில் பல நல்ல படம் எடுத்தன. 50, 1.8-ம், 100, 2.8-ம் அப்படிப்பட்டவை. பெயருக்குக் காசு கொடுக்காமல் படத்துக்குக் காசு கொடுத்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்!

சோவியத் நாட்டு ஜெனித் காமிராவோடு வந்த "ஹீலியோஸ் 44" லென்ஸின் கதை வேறு. ஜீஸ் நிறுவனத்தின் பழைய "பையோட்டார்" லென்ஸைப் பின்பற்றிச் செய்தது அது. லட்சக் கணக்கில் வந்ததால், ஒரு காலத்தில் சீந்துவாரில்லை. அதில் எடுத்தால், முகத்துக்குப் பின்னால் உள்ள இலைகள் சுழல்வதுபோல் தெரியும். டிஜிட்டல் காமிராக்காரர்களுக்கு இது பிடித்துப் போயிற்று. தேடுவோர் பெருகினர். இன்று "அபூர்வம்" என்று சொல்லி அதை விற்பவர்களும் உண்டு. நம்ப வேண்டாம். லட்சக் கணக்கில் செய்த பொருள் எப்படி அபூர்வமாகும்?

மூடிக்கு ஏற்ற பாத்திரம்

லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கையில் உள்ள காமிராவில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாட்டும் வாய் வேறு. இதைக் கவனிக்காமல் வாங்குவது, மூடி பொருந்தாத பாத்திரத்தை வாங்குவது போல.

திருகி மாட்டும் பழைய வாய் ஒன்று உண்டு. 42 மில்லி மீட்டர் அகலம். பழைய பெண்டாக்ஸ், ஜெனித், கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா காமிராக்கள் பலவற்றுக்கும் இது பொது. 1975-ல் பெண்டாக்ஸ் "கே" என்ற புதிய வாய்க்கு மாறியது.

நிக்கானின் "எப்" வாய், 1959-ல் இருந்து வருவது. ஆனால், ஓர் எச்சரிக்கை! 1977-ல் அதில் ஒரு மாறுதல் செய்தார்கள். அதற்கு முந்திய லென்ஸைத் திருத்தாமல் சில புதிய நிக்கான் காமிராக்களில் மாட்டினால், காமிராவே சேதமாகலாம்.

கேனன் நிறுவனம் 1987-ல் வாயையே மாற்றிவிட்டது. 1971-ல் வந்த "எப்.டி." லென்ஸுகள், புதிய கேனன் காமிராக்களில் பொருந்தவில்லை. நல்ல லென்ஸுகள் ஒரே நாளில் அநாதையாயின! விலை சரிந்தது. எப்.டி. காமிரா வைத்திருந்தவர்களுக்கு அது யோகம்.

பிறகு சக்கரம் திரும்பியது. உள்ளே எழும்பும் கண்ணாடியே இல்லாத டிஜிட்டல் காமிராக்கள் வந்தன. அவற்றின் உடல் மெல்லியது. நடுவில் ஒரு வளையம் போட்டால், பழைய லென்ஸுகளில் பெரும்பாலானவற்றை அவற்றில் மாட்டலாம். போகஸையும் துவாரத்தையும் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்து சோதனைகள்

ஆரணியில் பட்டு எடுப்பவர், புடவையை மடிப்புப் பிரிக்காமல் எடுப்பாரா? முந்தியைப் பார்ப்பார். கரையைப் பார்ப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். லென்ஸுக்கும் அதே நிதானம் வேண்டும். தேவையானது ஒரு டார்ச் விளக்கும், பத்து நிமிஷமும்தான்.

1. டார்ச் சோதனை. லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறம் இருந்து டார்ச் அடித்து, முன்புறம் சாய்வாகப் பாருங்கள். பிறகு திருப்பிப் பாருங்கள். டார்ச்சை நேராகக் கண்ணில் படவிட வேண்டாம்.

தூசி தெரியும். பயப்பட வேண்டாம்! பழைய லென்ஸ் எல்லாவற்றிலும் தூசி உண்டு. படத்தில் அது தெரியாது. முன் வில்லையில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும், பெரிய குறை இல்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம். பின் வில்லையில் கீறல் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அது படத்தைக் கெடுக்கும்.

சிலந்தி வலை போலவோ, மரத்தின் வேர் போலவோ நூல் நூலாகத் தெரிந்தால், அதுதான் பூஞ்சணம். ஸ்டூடியோக்காரர்கள் "பங்கஸ்" என்பார்கள். பனி மூடியது போல் மங்கலாகத் தெரிந்தால், படம் வெளுத்து விழும். வில்லையின் ஓரத்தில் எண்ணெய் பட்ட தண்ணீர் போல வானவில் நிறம் தெரிந்தால், ஒட்டிய இரண்டு வில்லைகள் பிரிகின்றன என்று அர்த்தம். அதைச் சரி செய்யும் செலவுக்கு, வேறு லென்ஸே வாங்கிவிடலாம்.

2. துவாரச் சோதனை. லென்ஸுக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் விரிந்து சுருங்கும். பின்புறம் உள்ள ஊசியையோ, நெம்பையோ தள்ளி விடுங்கள். தகடுகள் இமைபோல் சட்டென்று மூடித் திறக்க வேண்டும்.

ஏன் இந்த அவசரம்? எஸ்.எல்.ஆர். காமிராவில் நாம் பார்க்கும்போது துவாரம் முழுதும் திறந்திருக்கும். பொத்தானை அழுத்தியதும், கண்ணாடி எழும்பும் அந்தக் கண நேரத்தில் அது சுருங்கியாக வேண்டும். தகட்டில் எண்ணெய் கசிந்து மந்தமாகிவிட்டால், சுருங்குவதற்குள் படம் பதிந்துவிடும். வெளிச்சம் அதிகமாகிப் படம் கெடும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டிஜிட்டல் காமிராவில் வளையம் போட்டு மாட்டும்போது, துவாரத்தை முன்கூட்டியே கையால் சுருக்கி வைக்கலாம். தகடு சற்று மந்தமாக இருந்தாலும் பாதகம் இல்லை. பிலிம் காமிராக்காரர் ஒதுக்கும் லென்ஸ், டிஜிட்டல் காமிராக்காரருக்கு நல்ல பேரமாகும்!

3. போகஸ் வளையச் சோதனை. ஓரத்தில் இருந்து ஓரம் வரை திருப்புங்கள். ஒரே சீராக, வழவழப்பாகத் திரும்ப வேண்டும். கரகரப்பு இருந்தால், மண் புகுந்திருக்கிறது. அங்கங்கே பிடித்தால், உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது அல்லது லென்ஸ் கீழே விழுந்திருக்கிறது.

4. காயச் சோதனை. முன் விளிம்பு நசுங்கியிருக்கிறதா? திருகுகளின் தலை வழுக்கியிருக்கிறதா? திருகு வழுக்கியிருந்தால், கை தேராத யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். லென்ஸை மெல்லக் குலுக்குங்கள். உள்ளே எதுவும் உருளக் கூடாது.

5. தூரச் சோதனை. லென்ஸைக் காமிராவில் மாட்டி, தூரத்தில் உள்ள கோபுரக் கலசத்தைப் பாருங்கள். போகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பியதும், கலசம் கூர்மையாகத் தெரிய வேண்டும். கடைசி வரை போயும் மங்கலாகவே இருந்தால், பிரித்தவர் சரியாக மூடவில்லை.

பூஞ்சணம் என்னும் பகைவன்

தமிழ்நாட்டில் லென்ஸின் பெரிய பகைவன் கீறல் அல்ல. ஈரம்!

காற்றில் ஈரம் அதிகமாகி, இருட்டான இடத்தில் லென்ஸ் அசையாமல் கிடந்தால், கண்ணாடியின்மேல் பூஞ்சணம் வளரும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலம் அதற்குக் கொண்டாட்டம். நாள்பட்டால், பூச்சையே அரித்துவிடும். பிறகு பூஞ்சணத்தைத் துடைத்தாலும், அதன் தடம் போகாது.

ஆரம்பத்திலேயே பிரித்துச் சுத்தம் செய்தால் லென்ஸ் பிழைக்கும். எனவே ஓரத்தில் லேசாக இருந்தால், சுத்தம் செய்யும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசலாம். நடுவில் பரவியிருந்தால் விட்டுவிடுங்கள்.

தோல் உறையில் பூட்டி வைப்பது பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு! தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். பட்டுப் புடவையை அவ்வப்போது எடுத்து, மடிப்பு மாற்றிக் காற்றாட வைப்பது நம் வீட்டு வழக்கம். லென்ஸையும் மாதம் ஒரு முறை எடுத்துப் படம் பிடியுங்கள்.

மஞ்சள் கண்ணாடி

1960-களிலும் 1970-களிலும் வந்த சில லென்ஸுகளில், தோரியம் என்ற பொருள் கலந்த கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். பெண்டாக்ஸின் "சூப்பர் டாக்குமார்" 50, 1.4 லென்ஸில் இது உண்டு. வயதானால் கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மாறும்.

இதற்காக லென்ஸைக் கழித்துவிட வேண்டாம். வெயில் பட்டால் மஞ்சள் குறையும். ஆனால், எச்சரிக்கை! லென்ஸ் வெயிலைக் குவித்து நெருப்பு மூட்டிவிடும். பட்டு நூலும் பாவும் இருக்கும் வீட்டில் இது பெரிய ஆபத்து. ஆள் இல்லாமல் லென்ஸை வெயிலில் விட்டுப் போகக் கூடாது. எந்த லென்ஸ் வழியாகவும் சூரியனைப் பார்க்கவும் கூடாது.

தோரியம் கண்ணாடியில் இருந்து மிகக் குறைந்த கதிர்வீச்சு வரும். காமிராவில் மாட்டிப் படம் எடுப்பதற்குத் தடை இல்லை. கண்ணோடு ஒட்டி வைத்து நெடுநேரம் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

எங்கே வாங்குவது?

பழைய பொருள் என்றால், ஒரு காலத்தில் சென்னை மூர் மார்க்கெட்டைத்தான் சொல்வார்கள். புத்தகம் முதல் கிராமபோன் வரை அங்கே கிடைத்தது. 1985-ல் அது தீயில் அழிந்தது. கடற்கரை ரயில் நிலையம் அருகே உள்ள பர்மா பஜார், 1969-ல் பர்மாவில் இருந்து திரும்பிய தமிழர்களுக்காக ஏற்பட்டது. வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பெயர் பெற்றது.

இன்று பழைய லென்ஸ், காமிராக் கடைகளிலும், பழுது பார்ப்பவர்களிடமும், இணையத்திலும் கிடைக்கிறது. ஆனால், சின்ன ஊர்களில் நல்ல இடம் இன்னொன்று உண்டு. அது பழைய ஸ்டூடியோ! டிஜிட்டலுக்கு மாறிய ஸ்டூடியோக்காரர்கள் பலர், தொழில் செய்த லென்ஸை விற்க மனமின்றி வைத்திருப்பார்கள். தொழில்காரரின் லென்ஸ் வெளியே தேய்ந்திருக்கும். ஆனால், கவனமாகத் துடைத்து, தினமும் புழங்கியதாக இருக்கும். பெட்டியோடு பளபளவென்று இருபது ஆண்டு பூட்டிக் கிடந்த லென்ஸைவிட, இது மேலாக இருக்கலாம்.

இணையத்தில் வாங்கினால், டார்ச் அடித்து எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் விலகிவிடுங்கள். "பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வேன்" என்ற வாக்கையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு பிலிம் சுருளின் சாட்சி

வாங்கியதும், தவணைக்குள் சோதித்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டுங்கள். காமிராவை முக்காலியில் நேராக நிறுத்தி, துவாரத்தை முழுதும் திறந்து ஒரு படம், 8-ல் வைத்து ஒரு படம் எடுங்கள். முழுதும் திறந்த படத்தில் நான்கு மூலையும் சற்று மங்கினால், அது இயல்பு. ஆனால், இடது பக்கம் எழுத்து தெளிவாகவும், வலது பக்கம் கலங்கியும் இருந்தால், வில்லை ஒன்று கோணிவிட்டது. திருப்பிக் கொடுங்கள்.

பிறகு வெளிச்சமான ஜன்னலின் முன் ஓர் ஆளை நிறுத்தி எடுங்கள். படம் முழுதும் வெளுத்தால், உள்ளே மங்கல் இருக்கிறது.

பிலிமும், கழுவும் கூலியும் இன்று மலிவு அல்ல. எனவே 36 படச் சுருளில் நான்கைந்து படம் சோதனைக்குப் போதும். மிச்சம் குடும்பத்துக்கு!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

லென்ஸின் விலை, அதன் மேல் ஒட்டிய சீட்டில் முடிந்துவிடாது. பேச்சுக்கு, ஒரு லென்ஸ் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பூஞ்சணம் நீக்க 1,500 ரூபாய் கேட்கிறார்கள். மொத்தம் 3,500. அதே லென்ஸ், சுத்தமாக 3,000 ரூபாய்க்குக் கிடைத்தால், எது மலிவு? 3,000 ரூபாய் லென்ஸ்தான்!

வளையம் வாங்க வேண்டியிருந்தால், அதையும் கணக்கில் சேருங்கள். முன் மூடி, பின் மூடி இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

விற்கிறவருக்கும் இந்தக் கணக்கு உதவும். லென்ஸை விற்கும் முன், அதில் எழுதியுள்ள பெயரையும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். காமிரா ஓடவில்லை என்பதற்காக, லென்ஸையும் சேர்த்துப் பழைய இரும்பு விலைக்குப் போட வேண்டாம்.

பட்டு நூலை எண்ணும் லென்ஸ்!

துவாரத் தகடு சிக்கிக்கொண்ட, விலை போகாத 50 மில்லி மீட்டர் லென்ஸ் ஒன்று கிடைத்தால், அதற்கும் ஒரு வேலை உண்டு.

தகடு திறந்த நிலையில் இருந்தால், லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து, அதன் வழியே பட்டுத் துணியைக் கிட்டப் பாருங்கள். சுமார் ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும்! பாவு நூல் மேலும் கீழும் போவதைப் பார்க்கலாம். ஊடை நூல் குறுக்கே ஓடுவதைப் பார்க்கலாம். ஜரிகைக் கம்பி, நூலைச் சுற்றி ஏறுவதும் தெரியும். ஜரிகை தேய்ந்த இடத்தில், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்றும் பார்க்கலாம். அசல் ஜரிகையின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. மஞ்சளான தோரியம் லென்ஸை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

அதே லென்ஸை, விலை குறைந்த ஒரு வளையத்தின் உதவியால் காமிராவிலும் தலைகீழாக மாட்டலாம். நூல் நூலாகப் படம் வரும். கைத்தறிப் புடவை விற்கும் நெசவாளர், "இது எங்கள் தறியில் நெய்தது. நூலைப் பாருங்கள்!" என்று வெளியூர் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு, இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அலமாரியின் மேல் தட்டில் காமிரா இருக்கிறதா? இன்றைக்கே இறக்குங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்தால், தாத்தா வாங்கிய காசு வீண் போகவில்லை!